காலையில என்ன சாப்பிட்டீங்க?

குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஒட்டிப் பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காக 1907இல் தொடங்கிய இடம். காலை நடையில் அந்தச் சுவரருகே என் கால் தானாக நின்றுவிடும். உள்ளே ஓர் ஒற்றை அறையில்தான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் ஓயும். கிருமியால் வருவதல்ல. அரிசியைத் தீட்டி வெள்ளையாக்கும்போது தவிட்டோடு பி1 சத்தும் போய்விடுகிறது. அந்தக் குறைதான் நோய்.

பிறகு அவர் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோற்றையே நம்பிய நம் பக்கத்துச் சாப்பாட்டைத் தின்றவை எடை கூடாமல் பின்தங்கின. அந்த அறை வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நாடு முழுவதற்குமான உணவு ஆராய்ச்சி இந்தச் சரிவில் முளைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே சரிவில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கும்போது அந்தப் பெருமை நிலைப்பதில்லை.

*

மலைக்காற்றே மருந்து என்று நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் ஏறி வந்தார்கள். கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கல்வீடு கட்டினார். சமவெளியில் காய்ச்சலில் படுத்த சிப்பாய்களை உடம்பு தேற இங்கே அனுப்பினார்கள். இன்று நாமும் கல்லாறு தாண்டியதும் கார்க் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்துவிட்டுக்கொள்கிறோம்.

கொழுந்து பறிக்கிற பெண் இந்தக் காற்றில்தான் பிறந்தாள். அவள் முழங்கால் வலிக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

*

கோத்தகிரிப் பக்கம், மதியம். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து விரித்து உட்கார்ந்திருந்தார் கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். டப்பாவில் இரண்டு மைதா ரொட்டி, மிளகாய்ச் சம்பல். பக்கத்தில் ஒரு போத்தல் சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர். விரல் நுனிகளில் கறை ஏறி, ஆள்காட்டி விரலில் மட்டும் நீளமாக ஒரு வெடிப்பு. ரொட்டியைப் பிய்க்கும்போது அந்த விரலை ஒதுக்கியே வைத்துக்கொண்டார். சம்பல் பட்டால் எரியும்.

"காலையில என்ன சாப்பிட்டீங்கக்கா?"

"காலையிலயா? பிரட்டுக்கு நேரமாயிருச்சு தம்பி. சாயத்தண்ணிதான்."

பிரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுப்பது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஊருக்கெல்லாம் தேயிலை பறிக்கிறவர், அந்தச் சாயத்தையே ஒவ்வொரு வாய்க்கும் குடித்து விழுங்குகிறார். ரொட்டி தொண்டையில் இறங்க வேண்டுமே.

*

கூடலூர் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பு முடியாது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் சோகை இருப்பது 1952இல் தெரியவந்தது. இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். எலும்புக்குள் வலி. பரம்பரையாக வருவது. உடம்பில் நீர் வற்றினாலும் குளிர் தாக்கினாலும் வலி கிளம்பும். வந்தவர்கள் மருந்தென்று கொண்டாடிய குளிர், இந்த மண்ணின் பூர்வகுடிக்கு வலியைக் கொண்டுவருகிறது.

1990இல் கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்று ஒரு மருத்துவமனையை அஸ்வினி அமைப்பு தொடங்கியது. பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களே செவிலியரானார்கள், ஊர்தோறும் நலப் பணியாளரானார்கள். தன் மொழியில் பேசுகிற, தன் அடுப்பில் என்ன வேகும் என்று தெரிந்த ஒருத்தி வாசலில் வந்து உட்காரும்போதுதான் வலியைச் சொல்ல வாய் வரும். மீண்டெழுதல் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் நினைவில் வருகிறது. தனியாள் மனத்திடத்தைப் புகழ்வதை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நாள் தவறாமல் மேட்டில் ஏறுகிற அந்த அக்காவுக்கு மனத்திடத்தில் குறையே இல்லை.

*

மறுநாள் மதியம் நெல்லிக்காய் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பங்கு போட்டுவிட்டு ஒன்றைக் கடித்தார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாயத்தண்ணியைக் குடித்தால் இரத்தத்துக்கு நல்லது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு விடுறதே ஒரு மணி நேரந்தான் தம்பி. லயத்து வீட்டுக்கு ஏறி எறங்கவே அதுல பாதி போயிரும்."

படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். அன்று அவர் கணக்கில் இன்னும் பதினோரு கிலோ கொழுந்து பாக்கி இருந்தது.