பதக்கமும் நாடாவும்

அரசு தரும் பட்டத்தை மக்கள் பக்கம் நிற்கும் கலைஞர் ஏற்கலாமா என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. 1915ஆம் ஆண்டில் 'சேர்' பட்டம் பெற்ற தாகூர், 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து அதனைத் துறந்தார். ஆயின் யாழ்ப்பாணத்தில் பட்டத்தைத் துறந்தோரைக் காட்டிலும் அதனைப் பெறத் தவங்கிடந்தோரே மிகுதி. 'முதலியார்' என்றோ 'சேர்' என்றோ ஒரு சொல்லைப் பெயரோடு ஒட்டிக்கொள்வதற்காகத் தேசாதிபதியின் வாயிலிற் காத்து நின்ற பரம்பரையொன்று இங்கு இருந்தது. (காலத்தின் கேலியைப் பாருங்கள்: அன்று சிலருக்கே கிட்டிய அந்தச் 'சேர்' இன்று பண்டத்தரிப்பின் வகுப்பறைகளில் நாள்தோறும் நூறு முறை எமக்கு வழங்கப்படுகிறது. அதற்குப் பதக்கம் இல்லை, சம்பளமும் போதவில்லை.)

இப்பழைய கேள்வியை இன்று நம்முன் மீண்டும் எழுப்பியிருப்பவர், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் உலகறிந்த பாடகி மாதங்கி அருட்பிரகாசம். அவர் 1975இல் இலண்டனிற் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். தந்தையார், 'அருளர்' என அறியப்பட்ட அருட்பிரகாசம், ஈரோஸ் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். 1977இன் இனக்கலவரத்தில் அகதிகளாக்கப்பட்டவர்களைப் பற்றிய 'லங்கா ராணி' என்னும் நாவலின் ஆசிரியர். அரசியல் தந்தையை வீட்டினின்றும் பிரித்தது. தாயார் கலா மூன்று பிள்ளைகளையும் தனியே சுமந்தார். யாழ்ப்பாணம், சென்னை, மறுபடியும் யாழ்ப்பாணம் என அலைந்த அக்குடும்பம் 1986இல் அகதிகளாக இலண்டனைச் சென்றடைந்தது. நகரின் தென்பகுதியில் மிச்சம் என்னுமிடத்தில், உள்ளூராட்சிச் சபை வறியோர்க்கென எழுப்பிய குடியிருப்பொன்றில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. பிள்ளைகள் படித்தனர். தாய் தையல் வேலை செய்தார்.

அக்குடியிருப்பின் சுவர்களுக்கு அப்பாலிருந்து மாயாவின் காதில் விழுந்த இசை ஜமெய்க்காவின் இசையாகும். இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் கரையை அடைந்தது. போரினாற் சிதைந்த பிரித்தானியாவுக்குப் பேருந்து ஓட்டவும் மருத்துவமனையில் நோயாளரைத் தூக்கவும் கைகள் வேண்டியிருந்தன. கரும்புத் தோட்டத்து அடிமைகளின் பேரப்பிள்ளைகளான அக்கைகளுக்குரியோர் தம்மோடு தமது இசையையும் கொண்டு வந்தனர். அறுபதுகளின் பிற்பகுதியில் கிங்ஸ்டனின் சேரிகளில் ரெகே என உருப்பெற்ற அவ்விசை, பிரித்தானியத் தெருக்களிற் பொலிஸ் கெடுபிடிக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் எதிரான குரலாயிற்று. லின்டன் க்வெசி ஜோன்சன் போன்றோர் அதன் தாளத்தின்மீது கவிதையைச் சொற்பொழிவுபோல ஏற்றினர். ரெகேயின் வழித்தோன்றலான டான்ஸ்ஹோல் இசையே மாயாவின் பாடல்களுக்கு அத்திவாரம். அவருடைய முதற் பாடலின் பெயரான 'கலாங்' தமிழ்ச் சொல்லன்று. 'போய்க்கொண்டே இரு' எனப் பொருள்படும் ஜமெய்க்கப் பேச்சுச் சொல். ஈழத்துப் பெண்ணொருத்தி தன் குரலைக் கண்டெடுத்தது கரும்புத் தோட்டத்து மொழியில் என்பது தற்செயலன்று.

கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்று இங்கிலாந்தில் ஓயாது வாதித்தவர் அ. சிவானந்தன். 1958இன் கலவரத்தின் பின் நாடு நீங்கி, இலண்டனில் இனவுறவுகள் நிறுவனத்தை வெள்ளை முதலாளிகளின் பிடியிலிருந்து மீட்ட அவருடைய தந்தைவழி ஊர் சண்டிலிப்பாய், நமக்கு அயற்கிராமம். சிவானந்தன் கட்டுரைகளில் நிறுவ முயன்றதை மாயா ஆராயாமலே பாட்டிற் செய்து காட்டினார் எனலாம். 2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயர், 'அருளர்'. 2007இல் வெளிவந்ததற்குத் தாயின் பெயர், 'கலா'. அமெரிக்கா விசா வழங்காமல் இழுத்தடித்த வேளையில் அவர் இந்தியா, ஜமெய்க்கா, ட்ரினிடாட், அவுஸ்திரேலியா என்று சுற்றி அவ்விரண்டாம் தொகுப்பை ஆக்கினார். சென்னையின் உறுமி மேளம் அதில் முழங்குகிறது. நமது சபாக்கள் மேடையேற்றக் கூசிய பறையையும் உறுமியையும் உலகின் பெரும் அரங்குகளுக்குக் கொண்டுசென்றவர், சங்கீதம் முறையாகப் பயிலாத ஓர் அகதிப்பெண். சாதி பார்த்து வாத்தியத்தைத் தள்ளிவைக்கும் நமது இரசிகப் பெருமக்கள் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக.

அவர்மீது குறை கூறுவோர் பலர். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டின் பல்லவியில் துப்பாக்கி வேட்டும் கல்லாப்பெட்டியின் ஓசையும் தாளமாக ஒலிக்கின்றன. வேட்டோசையை மெய்யாகவே கேட்டு வளர்ந்த நமக்கு அது முதலில் உறுத்தவே செய்கிறது. ஆயின் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவ்வோசையை மட்டும் அகற்றி ஒலிபரப்பியபோது, யாருக்கு அது உண்மையில் உறுத்துகிறது என்பது விளங்கிற்று. இன்னொரு குற்றச்சாட்டு, செல்வச் செழிப்பில் வாழ்ந்துகொண்டு ஏழைகளின் துயரைப் பேசுகிறார் என்பது. 2010இல் நியூயோர்க் இதழாளர் ஒருவர், இப்பெண் விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறித்துக்கொண்டே ஈழத்தைப் பற்றிப் பேசினார் என்று எழுதினார். அப்பொரியலைத் தருவிக்க முன்வந்தவர் அவ்விதழாளரே என்று காட்டும் ஒலிப்பதிவை மாயா வெளியிட்டார். வயிறு நிறைந்தவர் வாய்திறக்கலாகாது என்னும் இத்தத்துவத்தின் மறுபக்கம், பசித்தவனும் பேச மாட்டான், அவனுக்கு ஒலிவாங்கி யார் கொடுப்பார் என்பதேயாகும். 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்துகொண்டிருந்தன. அதே மாதம் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் நின்ற மாயா, அக்காலத்தில் மேற்குலகத் தொலைக்காட்சிகளில் வன்னியைப் பற்றிப் பேசிய மிகச் சில பிரபலங்களுள் ஒருவர். இதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். (அண்மை ஆண்டுகளில் தடுப்பூசி பற்றி அவர் கூறியவற்றை எந்த விஞ்ஞான ஆசிரியரும் ஏற்கார், நாமும் ஏற்கவில்லை.)

இனிப் பதக்கத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு பிரித்தானிய அரசியின் பிறந்தநாள் விருதுப் பட்டியலில் மாயாவின் பெயர் இடம்பெற்றது. 'பிரித்தானியப் பேரரசின் உறுப்பினர்' என்பது விருதின் பெயர். 1917இல், முதலாம் உலகப்போரின் நடுவே, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் ஏற்படுத்திய விருதுவரிசை இது. 2020 ஜனவரியில், தந்தை மறைந்து ஒரு மாதம் கழிந்த வேளையில், இளவரசர் வில்லியம் அதனை அவருக்கு அணிவித்தார். பேரரசையும் அதன் எல்லைக்கோடுகளையும் எள்ளிப் பாடியவர் இதனை எவ்வாறு ஏற்றார்? அவர் சொன்ன காரணம் நமது நெஞ்சைத் தொடுவதாகும். தம் தாய் இங்கிலாந்துக்கு வந்தபின் பல்லாண்டுகளாகச் செய்த வேலை, அரசியார் வழங்கும் இப்பதக்கங்களுக்கான நாடாக்களை ஆயிரக்கணக்கிற் கையால் தைப்பதே. அந்த உழைப்பின் பொருட்டு இதனை ஏற்கிறேன் என்றார்.

2003இல் பெஞ்சமின் ஸெபனையா வேறு வழியைக் காட்டினார். பேர்மிங்ஹாமில் 1958இல் பிறந்தவர். தாய் ஜமெய்க்காவிலிருந்து வந்த தாதி, தந்தை பார்படோஸ் தீவிலிருந்து வந்த தபாற்காரர். பதின்மூன்று வயதிற் பள்ளியை விட்டு நீங்கியவர், ரெகேத் தாளத்திற் கவிதை பாடி நாடறிந்த கவிஞரானார். பொப் மார்லி மறைந்த பின்னர் அவருடைய குழுவான வெய்லர்ஸ் முதன்முதலாக வாசித்தது இவருடைய பாட்டுக்கே. ஸெபனையாவுக்குப் பேரரசின் விருதை அளிக்க அரசு முன்வந்தபோது அவர் பகிரங்கமாக மறுத்தார். 'பேரரசு' என்ற சொல்லைக் கேட்டாலே தம் முன்னோர் பட்ட அடிமைத்தனம் நினைவுக்கு வருகிறது என்றார். ஈராக் போரையும், பொலிஸ் காவலில் இறந்த தம் உறவினர் ஒருவரையும் அவ்வேளையில் அவர் மறக்கவில்லை. 2023 டிசெம்பரில் இறக்கும்வரை அந்நிலையினின்று அவர் பிறழவுமில்லை.

இருவருள் எவர் செய்தது சரி? ஸெபனையாவே என்று உடனே கூறிவிடலாம். நாமும் இறுதியில் அப்பக்கமே நிற்கிறோம். ஆயின் மாயாவின் வாதத்தை அத்துணை எளிதில் தள்ளிவிடலாகாது. விருதை மறுக்க வேண்டுமெனில் முதலில் விருது நம்மைத் தேடி வரவேண்டும். நாடா தைத்த பெண்ணை எந்த விருதும் தேடி வருவதில்லை. அவளுக்கு மறுக்கும் பெருமையும் இல்லை. தான் ஆக்கிய பொருள் தன்னைவிட்டு அகன்று, தனக்கு அந்நியமாகி, வேறொருவர் நெஞ்சில் அணியாக மின்னுவதைத் தொழிலாளி காண்பதை மார்க்ஸ் தம் இளமைக்கால எழுத்திலேயே ஆராய்ந்தார். இங்கே அந்த நாடா, அரண்மனையைச் சுற்றிக்கொண்டு, தைத்தவளின் வீட்டுக்கே வந்து சேர்ந்துள்ளது. இதனை ஒரு வகை மீட்பென்று மகள் கருதினால் யார் அவரைக் கடிந்துகொள்ள முடியும்?

ஆனால் அது எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை நோக்க வேண்டும். உழைப்பாகப் போன நாடா கொடையாகத் திரும்பி வந்துள்ளது. தைத்தவளுக்குரிய கூலியைப் பற்றியோ, அவளோடு இருந்து தைத்த ஏனைய பெண்களைப் பற்றியோ அரண்மனை ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு தாயின் உழைப்பு, ஒரு மகளின் புகழ் வழியாக, ஒரு குடும்பத்தின் கதையாயிற்று. வர்க்கத்தின் வழக்கு அங்கே தள்ளுபடியானது. பட்டம் வழங்குவோருக்கு இதைவிட இலாபகரமான வாணிபம் வேறில்லை. அகதியை ஏற்ற நாடு, அகதியின் மகளையும் கௌரவித்த நாடு என்னும் பெயரை அவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

அடைக்கலம் தந்த நாட்டுக்கு நன்றி வேண்டாவா என்று சிலர் கேட்பர். 'செய்ந்நன்றி அறிதல்' பயிற்றும் ஆசிரியரிடமே கேட்பர். வேண்டும். ஆனால் யாருக்கு? மிச்சத்தில் வீடு கொடுத்தது அரண்மனையன்று. வரி செலுத்திய சாதாரண மக்களின் உள்ளூராட்சிச் சபை. படிக்க வைத்தது பொதுப்பணம். அந்தக் குடியிருப்பில் இசை கொடுத்தவர்கள் ஜமெய்க்கத் தொழிலாளரின் பிள்ளைகள். இந்நன்றிக்கடனை அரண்மனைக்குச் செலுத்துவது, குத்தகைக்காரன் விளைத்த நெல்லுக்குக் காணிக்காரனைக் கும்பிடுவது போன்றது.

மறுத்தல் எப்போதும் பயன் தரும் என்று நாம் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1931இல், பூரண சுயராச்சியம் தராத அரசியற்றிட்டம் எமக்கு வேண்டா என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934வரை வெறுமையாய்க் கிடந்தன. தெற்கிலிருந்து எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை, பகிஷ்காரம் தளர்ந்தது. அதனைப் பெருந்தவறு என்று இன்றும் வாதிடுவோர் உளர். ஆயினும் இலங்கையர் அனைவருக்கும் முழுவிடுதலை வேண்டுமென்று, சாதியையும் இனவாதத்தையும் ஒருங்கே எதிர்த்து, இம்மண்ணின் இளைஞர் ஒருகாலத்தில் நிமிர்ந்து நின்றனர் என்று நம் மாணவருக்குச் சொல்ல நமக்கு அந்த மறுப்பு இருக்கிறது. அவர்கள் பதவியை ஏற்றிருந்தால் அதைச் சொல்ல ஏதும் எஞ்சியிராது.

தையல் என்பது நமது பெண்களுக்கு நெடுங்காலமாக ஊட்டப்பட்ட கல்வி. 1820இல் ஸ்கடர் வைத்தியர் பண்டத்தரிப்பிற் குடியேறிய காலந்தொட்டு, அமெரிக்க மிஷன் எழுத்தையும் ஊசியையும் சேர்த்தே நம் சிறுமியர் கையிற் கொடுத்தது. ஊசி பிடித்த கைகள் பின்னர் கொழும்புக்கும் இலண்டனுக்கும் சென்றன. போர் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கணவனையோ மகனையோ இழந்த பெண்கள் விடியுமுன் பேருந்தேறி அங்கே செல்கின்றனர். படைமொழியில் எம்.ஐ.ஏ. என்பது களத்திற் காணாமற்போனவரைக் குறிக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் அதே கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தனர். அவர்களின் மகள்மாரும் மருமகள்மாரும் அத்தொழிற்சாலைகளிற் சட்டையின் கழுத்தில் கடையின் பெயர் பொறித்த சிறு துணித்துண்டைத் தைக்கின்றனர். மணிக்கு எத்தனை தைத்தாள் என்பதைக் கண்காணிப்பாளர் எழுதிக்கொள்கிறார்.