புத்தி தெளிந்தவள் என்று யார் சொல்வது?

2021 ஜூன் 23 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் 39 வயதுப் பெண் ஒருவர் தொலைபேசி வழியாக 20 நிமிடங்களுக்கும் மேலாகப் பேசினார். அவர் கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். திருமணம் செய்துகொள்ள வேண்டும். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும். கருப்பையில் இருக்கும் கருத்தடைச் சாதனத்தை (நம் ஊரில் காப்பர் டி என்கிறோமே, அந்த வகை) எடுத்துவிட மருத்துவரிடம் போக வேண்டும், ஆனால் விடமாட்டேன் என்கிறார்கள். காதலனின் காரில் உட்கார்ந்து போக வேண்டும். இவ்வளவையும் நீதிபதியிடம் கேட்டவர் பிரிட்னி ஸ்பியர்ஸ். 16 வயதில் பாடிய ஒரு பாட்டால் உலகமெங்கும் அறியப்பட்டவர். அவர் பெயரில் இருந்த சொத்து சுமார் 6 கோடி டாலர்.

இவ்வளவு பணமும் புகழும் உள்ள வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றி நாம் ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கும் தோழிகள் எனக்கு உண்டு. நியாயமான கேள்விதான். பணத்தையும் புகழையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது நமக்கு மிகவும் பழக்கமான ஒன்று என்பதுதான் என் பதில். வளர்ந்த பெண் ஒருத்தியைப் பார்த்து, உன் நல்லதுக்காகத்தான் உன் வாழ்க்கையை நாங்கள் நடத்துகிறோம் என்று அப்பாவும் சட்டமும் சேர்ந்து சொல்வது. அப்படிச் சொல்ல யாருக்காவது உரிமை உண்டா, உண்டென்றால் எப்போது, எதுவரை என்பதுதான் என்னை விடாமல் அரிக்கும் கேள்வி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பியில் பிறந்து லூசியானாவின் கென்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் பிரிட்னி. சிறுமியாக இருந்தபோதே மிக்கி மவுஸ் கிளப் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆடிப் பாடினார். 1998இல் வந்த முதல் பாட்டு அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அந்தப் பதின்பருவப் பெண்ணிடம் நிருபர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, நீ கன்னியா என்பது. கூசாமல் கேட்டார்கள். பாடகரான காதலனோடு உறவு முறிந்தபோது குற்றவாளிக் கூண்டில் இவர்தான் நின்றார், அவர் அல்ல. 2003இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், அந்தப் பையனை என்ன செய்து இப்படி நோகடித்தாய் என்கிற தொனியில் கேள்வி வந்தது. பிறகு திருமணம், ஓராண்டு இடைவெளியில் இரண்டு ஆண் குழந்தைகள், விவாகரத்து, குழந்தைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு. வீட்டை விட்டு வெளியே வந்தால் காரைச் சுற்றி நாற்பது கேமராக்கள்.

2007 பிப்ரவரியில் ஒரு முடிதிருத்தகத்துக்குப் போய்த் தன் கையாலேயே தலையை மொட்டையடித்துக்கொண்டார். ஜன்னல் வழியே அதையும் படமெடுத்தார்கள். நம் ஊரில் பெண்ணின் மொட்டைத் தலைக்கு வேண்டுதல் என்று ஒரு பொருள் உண்டு; கைம்மை என்று கொடிய பொருள் ஒன்றும் ஒரு காலத்தில் இருந்தது. அங்கே அதற்குக் கிடைத்த ஒரே பொருள் பைத்தியம். சிறு வயதிலிருந்து எல்லோரும் தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்ததற்கு எதிராகத் தான் காட்டிய எதிர்ப்பு அது என்று 2023இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அழகு என்று ஊர் விலைபேசிய ஒன்றை அதன் சொந்தக்காரி வெட்டி எறிந்திருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ள மனநல மருத்துவம் படித்திருக்க வேண்டுமா என்ன?

2008 ஜனவரியில் இரண்டு முறை அவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிப்ரவரி 1 அன்று கலிபோர்னியா நீதிமன்றம் அவரைக் 'கன்சர்வேட்டர்ஷிப்' என்ற காப்பாளர் ஏற்பாட்டின்கீழ் கொண்டுவந்தது. முதுமை மறதியால் தன்னையே பார்த்துக்கொள்ள முடியாமல் போனவர்களுக்கு வழக்கமாகப் பயன்படுவது அந்தச் சட்டம். 26 வயதுப் பெண்ணின் உடலுக்கும் பணத்துக்கும் அவருடைய அப்பா ஜேமி ஸ்பியர்ஸ் காப்பாளரானார். பணப் பொறுப்பில் மட்டும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்துகொண்டார். தற்காலிகம் என்று தொடங்கியது அந்த ஆண்டு முடிவதற்குள் நிரந்தரமானது. 13 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் ஒன்று. தொடக்கத்திலேயே பிரிட்னி தனக்கென ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொண்டார். அப்பா மட்டும் காப்பாளராக வரக் கூடாது என்பதே அவர் அந்த வழக்கறிஞரிடம் சொன்னது. ஆனால் ஒரு மருத்துவ அறிக்கையை வைத்து, வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இவருக்குத் தெளிவு இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. நீதிமன்றமே ஒருவரை நியமித்தது. முடிச்சு எப்படி விழுகிறது பாருங்கள். எனக்குத் தெளிவு இருக்கிறது என்று நிரூபிக்க வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளத் தெளிவு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். இதற்கு நடுவில் அப்பாவின் வழக்கறிஞர்களுக்கும் கட்டணம் போனது மகளின் பணத்திலிருந்துதான். அவரைக் கட்டிவைக்கும் கயிற்றுக்கும் அவரே காசு கொடுத்தார்.

தெளிவில்லாதவர் என்று சொல்லப்பட்ட அவர் அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நடித்துவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் புது ஆல்பம். 2009இல் உலகச் சுற்றுப்பயணம். 2012இல் ஒரு பாட்டுப் போட்டியில் நடுவர். மற்றவர்களின் திறமையை எடைபோடக் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்குத் தன் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 2013 கடைசியிலிருந்து 2017 கடைசிவரை லாஸ் வேகஸில் ஏறக்குறைய 250 மேடை நிகழ்ச்சிகள். காப்பாளராக இருந்ததற்கு அப்பாவுக்கு மாதம் 16,000 டாலர் ஊதியம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சின்னப் பாட்டி ஞாபகம் வந்தது. இளம் வயதில் கணவனை இழந்தவர். மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். எந்த வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு, யார் பாக்கி என்பதையெல்லாம் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்திருப்பார். ஒரு கோடு பிசகாது. ஆனால் அவர் பங்குக்கு வந்த முக்கால் ஏக்கர் நிலத்தின் பத்திரம் அவருடைய அண்ணன் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. அவளுக்கு என்ன தெரியும், பொம்பளை, யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்பார்கள். உழைக்கும்போது அவருக்கு இருந்த புத்தி, உழைத்ததை வைத்துக்கொள்ளும்போது மட்டும் காணாமல் போனது.

பிரிட்னிக்காகத் தெருவில் இளஞ்சிவப்புப் பலகைகளோடு நின்ற ரசிகர்கள் முன்வைத்த வாதமும் இதுவே. இத்தனை வேலை செய்கிறவர் எப்படித் தகுதியில்லாதவர் ஆவார்? கேட்க நன்றாக இருக்கிறது, போராட்டத்துக்கும் உதவியது. ஆனால் யோசிக்க யோசிக்க இந்த வாதத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. மேடையேற முடிந்ததால்தான் அவருக்கு விடுதலை கிடைக்க வேண்டுமென்றால், படுக்கையை விட்டு எழ முடியாத பெண்ணுக்கு என்ன பதில்? சம்பாதிக்கும் திறனைச் சுதந்திரத்தின் உரைகல்லாக வைத்தால் மனநோயோடு வாழும் பெண்களையும் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களையும் நாமே கதவுக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். இவள் பைத்தியமில்லை, அதனால் விடுங்கள் என்கிற வாக்கியத்துக்குள், பைத்தியமாக இருந்தால் பூட்டிவையுங்கள் என்ற சம்மதம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தினர் இதை அப்போதே சுட்டிக்காட்டினார்கள்.

அந்தக் கருத்தடைச் சாதனத்துக்கே வருவோம். 1927இல் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்கு அவர் விருப்பம் இல்லாமல் கருத்தடை அறுவை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அறிவு மந்தமானவர் என்பது காரணம். அவர் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்றவர் என்பதும், பள்ளியில் நன்றாகவே படித்தவர் என்பதும் பிறகு வெளியே வந்தன. ஆனால் அவர் உண்மையிலேயே படிப்பு வராதவராக இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு சரியாகிவிடுமா?

சட்டத்தில் இதற்கெல்லாம் ஒரு வேர் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத குடிமகனுக்கு அரசே தகப்பன் என்ற பழைய ஆங்கிலேயக் கோட்பாடு அது. அதே கோட்பாட்டைத்தான் 2017இல் கேரள உயர் நீதிமன்றமும் கையில் எடுத்தது. 24 வயது ஹாதியாவின் திருமணத்தைச் செல்லாததாக்கி அவரை அப்பாவின் பொறுப்பில் ஒப்படைத்தது. மருத்துவம் படித்த பெண். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது என்றாலும், இடைப்பட்ட காலத்தில் பல மாதங்களை அவர் வீட்டுக்குள் கழிக்க வேண்டியிருந்தது. அரசு தகப்பனாக இருக்க முடிவெடுக்கும்போது கடைசியில் பெண்ணை அவளுடைய தகப்பனிடமே கொண்டுபோய் விடுகிறது.

எதிர்த்தரப்பை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. மனம் கலைந்துபோன ஒருவரைத் தெருவில் விட்டுவிட்டு அதைச் சுதந்திரம் என்று அழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் தூங்காமல் மகளின் கதவருகே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் போய்த் தன்னாட்சி பற்றிப் பேச எனக்கு வாய் வராது. 2008இல் பிரிட்னிக்கு உதவி தேவைப்பட்டிருக்கலாம். அப்பா வந்தபிறகுதான் சொத்து அழியாமல் பெருகியது என்று அவர் தரப்பு சொன்னதும் கணக்களவில் பொய்யில்லை. ஆனால் உதவி என்றால் அதற்குச் சில அடையாளங்கள் இருக்க வேண்டும். உதவி பெறுகிறவர் வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும். உதவுகிறவருக்கு அது நீடிப்பதால் லாபம் இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பார்க்க விடமாட்டோம் என்ற பயம் அதன் பூட்டாக இருக்கக் கூடாது. பிள்ளைகளை இழந்துவிடக் கூடாதே என்றுதான் அடங்கிப்போனேன் என்று பிரிட்னி எழுதுகிறார். அவருக்குக் கிடைத்த உதவியில் இந்த மூன்றும் தவறியிருந்தன.

2021 ஜூலையில் தானே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அவரை அனுமதித்தது. நான்கு மாதத்தில், நவம்பர் 12 அன்று, ஏற்பாடு முழுவதும் முடிந்தது. 13 ஆண்டு முடிச்சை அவிழ்க்க, கேட்ட வழக்கறிஞரைக் கொடுத்ததே போதுமாக இருந்திருக்கிறது. காப்பில் இருப்பவர் தனக்கு வேண்டிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று கலிபோர்னியா அந்த ஆண்டே சட்டமியற்றியது. அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம். முடிவை அவரிடமிருந்து பறிப்பதற்கு முன், முடிவெடுக்க அவருக்குத் துணைநின்று பார்க்க முடியுமா என்று யோசிக்கச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து, தாளை வாசித்துக் காட்டி, இதன் பொருள் இது என்று சொல்லி, கையெழுத்தை அவரிடமே விடுவது. சின்னப் பாட்டிக்கு அவருடைய அண்ணன் ஒருநாள்கூடச் செய்யாதது.

விடுதலைக்குப் பிறகும் பிரிட்னி பலருக்கு நிம்மதி தரவில்லை. இன்ஸ்டாகிராமில் சுழன்று சுழன்று ஆடும் காணொளிகளைப் போட்டார். 2023 செப்டம்பரில் கத்திகளோடு ஆடிய ஒன்றைப் பார்த்துப் பயந்து யாரோ காவல்துறைக்குச் சொல்ல, நலம் விசாரிக்க ஆள் போனது. மேடைக்கான போலிக் கத்திகள் என்றார். பார்த்தீர்களா, அப்பா சொன்னது சரிதானே என்று அன்று எழுதியவர்களில் முன்பு பலகை பிடித்தவர்களும் இருந்தார்கள். நானும் அந்தக் காணொளியைப் பார்த்தேன். கண்மை கரைந்திருக்கிறது, கூந்தல் கலைந்திருக்கிறது, தாளம் கொஞ்சம் முன்பின்னாகப் போகிறது. யாரும் கட்டணம் வாங்கவில்லை, யாரும் நிகழ்ச்சி நிரல் எழுதிக் கொடுக்கவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் நாற்பதைக் கடந்த ஒரு பெண் தனக்குப் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறார்.