இருக்கைக்கா, உழைப்புக்கா?

குழந்தை உறங்கிவிட்டது. அடுக்களை மேசைமீது ஒப்பந்தச் சட்ட நூல் விரிகிறது. இங்கிலாந்திலே இத்தகைய இல்லங்கள் பல உண்டு. பிள்ளையை விட்டுக் கல்லூரிக்குச் செல்ல இயலாத தாய். நோயுற்ற தந்தையின் கட்டிலருகே காவலிருக்கும் மகன். இவர்கள் வீட்டிலிருந்தபடியே சட்டம் பயில்கின்றனர்.

பொழுதுபோக்குக்காகப் படிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்! இவர்களிலே சிலர் ஓராண்டில் 120 மதிப்பலகுகளை ஏற்றுப் பயில்கின்றனர். கல்லூரியில் அமர்ந்து கற்கும் முழுநேர மாணவர் சுமக்கும் அதே சுமை! அலகொன்றுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அந்நாட்டுக் கணக்கு. ஆண்டுக்கு 1,200 மணி நேரம். 360 அலகுகள் முடித்தால் பட்டம்; அதன் பெயரிலும் பேதமில்லை.

பேதம் பிறப்பது அரசு உதவிக்கரம் நீட்டும்போதுதான். கல்விக் கட்டணத்துக்குக் கடன் உண்டு. வயிற்றுக்கும் வாடகைக்குமான வாழ்க்கைச் செலவுக் கடனோ, கல்லூரி வாயிலைத் தாண்டுவோர்க்கே உரியது. உடற்குறையால் நேரில் செல்ல இயலாதவர்க்கு மட்டும் விலக்கு. பகுதிநேரமாக நேரில் சென்று பயில்வோர்க்கும் 2018இல் அக்கடன் கிட்டிற்று. தொலைநிலை மாணவர்க்கும் தரலாம் என்றிருந்த திட்டத்தை 2019இல் அரசு கைவிட்டது. நம் நாட்டிலே ஒரு காலத்தில், 'படியேறாதே' என்று கூறிக் கல்வியை மறுத்தனர். அங்கே, 'படியேறினால்தான் சோறு' என்கின்றனர்!

"வீட்டிலிருப்பவர் வேலைக்குப் போகலாமே" என்பர். எந்நேரத்தில் போவது? வேலைக்குரிய நேரத்தைத்தானே அவர் சட்ட நூலுக்குக் கொடுத்துவிட்டார்! "நேரில் வராதவர் படிக்கிறாரா என்று எவர் கண்டார்?" என்பது மற்றொரு கேள்வி. இதை எள்ளி நகையாட மாட்டேன். மக்கள் பணம், ஏய்ப்போரும் இருக்கக்கூடும். ஆனால், ஆசிரியர் திருத்தி அனுப்பும் கட்டுரைகளும் எழுதிய தேர்வுகளும் சான்று கூறாவோ? வகுப்பறைப் பலகையைச் சூடேற்றியவன் பாடத்தைக் கற்றான் என்பதற்குப் பலகையா சாட்சி? கள்ளன் நுழைவான் என்றஞ்சி அன்னசத்திரத்தையே அடைப்பாருண்டோ?

சட்டம் கற்பிப்பதென்ன? தோற்றத்தைப் பாராதே, உண்மையைப் பார் என்பதன்றோ! அதைக் கற்பவளின் வழக்கிலே மட்டும் தோற்றமே தீர்ப்பெழுதுகிறது. உழைப்பால் அளந்தாலும், தேவையால் அளந்தாலும் அவள் குறைந்தவளல்லள். எங்கே அமர்ந்தாள் என்று அளந்தால்தான் குறைகிறாள். அமரும் இடத்தை அவள் விரும்பியா தேர்ந்தாள்?

தொலைவிலிருந்து கற்பது நேற்று முளைத்த வழக்கமுமன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிமாணவர்க்குக் கதவு திறந்தது. ராபன் தீவுச் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா அப்பல்கலைக்கழகத்தின் சட்டப் பாடங்களை அஞ்சல் வழியே பயின்றார். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை 1989இல், சிறைவாசம் முடியுமுன்பே பெற்றார். அவர் எந்த வகுப்பறையில் அமர்ந்தார் என்று எவரேனும் கேட்டதுண்டா?

இங்கிலாந்தை அடுத்துள்ளது வேல்சு. 1969இல் தோன்றி, முன்தகுதி கேளாமல் மாணவரைச் சேர்த்துவரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரு நாட்டுக்கும் பொது. அங்கே 2018 முதல், வீட்டிலிருந்து அதில் பயில்வோரும் வாழ்க்கைச் செலவுக்கு உதவி பெறலாம். சுமக்கும் பாட அளவையும் வருமானத்தையும் பொறுத்து அது அமையும். செவெர்ன் ஆற்றின் அக்கரையில் ஓர் அடுக்களை. இக்கரையில் ஓர் அடுக்களை. இரண்டிலும் அதே ஒப்பந்தச் சட்ட நூல், அதே பக்கத்திலே விரிந்து கிடக்கிறது.