நாணயம் இழந்த நாணயச் சந்தை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கையில் காசில்லாத ஏழையையும் நாணயமானவன் என்று ஊர் போற்றுவதுண்டு. பெருஞ்செல்வனை நாணயமற்றவன் என்று தூற்றுவதும் உண்டு. ஒரு சொல்லுக்குள் சேர்ந்து வாழும் இவ்விரு பொருள்களும் பழங்காசு விற்கும் சந்தையிலேயே பிரிந்து நிற்பதை இன்று காண்கிறோம். பழைய நாணயங்களும் நோட்டுகளும் கலைப்பொருள்களும் இணையவழியில் ஏலம் போகின்றன. அவற்றோடு மோசடியும் வளர்ந்து வருகிறது. இது காவல் துறையினர் மட்டும் கவனிக்க வேண்டிய செய்தியா? நம் மனச்சான்று விடை சொல்ல வேண்டிய கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் எல்லைப்புறம் அது. சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே வாடகை அறைகளில் வாழ்கின்றனர். வரலாற்றிலும் அது சாதாரண மண்ணன்று. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்து, 1792 ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. ஆகவே திப்புவின் காசு என்றால் அவ்வூர் மக்களுக்கு அது பாட்டனார் காலத்துச் சொத்தைப்போல் தோன்றும்.

திப்பு சுல்தான் தம் நாணயங்களுக்குப் பெயர் சூட்டியவர். பொன் மொஹருக்கு அஹ்மதி என்றும், வராகனுக்கு ஃபாரூக்கி என்றும், வெள்ளி ரூபாய்க்கு இமாமி என்றும் பெயரிட்டார். செப்புக் காசுகளில் யானையைப் பொறித்தார். இத்தகைய காசு ஒன்றைக் கையில் ஏந்தும்போது ஒரு காலத்தையே ஏந்துவதாக உணர்கிறோம். அந்த உணர்வுக்குத்தான் விலை. அந்த உணர்வையே மூலதனமாக்கிப் போலிகளும் செய்யப்படுகின்றன. அன்றைய காசுகள் அச்சு வைத்து அடிக்கப்பட்டவை. போலிகள் பலவும் உலோகத்தை உருக்கி வார்க்கப்பட்டவை. மேற்பரப்பின் நுண்குழிகளும் விளிம்பின் இணைப்புக் கோடும் கையில் எடுத்துப் பார்ப்பவனுக்குக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசித் திரையில் பார்ப்பவனுக்கு அவை தெரிவதில்லை.

இதைவிடத் துணிந்த பொய்யும் உண்டு. 1818 என்று பொறிக்கப்பட்டு, இராமர் பட்டாபிஷேகக் காட்சியோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு என விற்கப்படும் செப்பு வில்லைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை! நம் சமுதாயத்துக்கென்றும் ஒரு தூண்டில் தயாராக இருக்கிறது. ‘பிஸ்மில்லாஹ்’வின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால் வரும் 786 என்ற எண் அமைந்த ரூபாய் நோட்டு இலட்சக்கணக்கில் விலைபோகும் என்கிறார்கள். நோட்டின் வரிசை எண் ஆறு இலக்கம் கொண்டது. ஆகவே ஆயிரம் நோட்டுக்கு ஒன்று 786 என்று முடிந்தே தீரும். இதில் அருமை எங்கே இருக்கிறது? இறைவனின் திருநாமத்தின்மீது மக்கள் வைத்த மதிப்பு இங்கே வியாபாரச் சரக்காகிறது.

வாங்குபவனைப்போலவே விற்க வருபவனும் ஏமாற்றப்படுகிறான். உழவு இயந்திரப் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டை நல்ல விலைக்கு வாங்குவதாக விளம்பரம் வருகிறது. தொடர்பு கொண்டால் ரிசர்வ் வங்கியின் சின்னம் பொறித்த அட்டை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. முதலில் சில நூறு ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். பிறகு வரி, பிறகு காப்பீடு, பிறகு அனுப்பும் செலவு. கட்டிய பணத்தை மீட்க வேண்டுமே என்ற தவிப்பிலேயே மேலும் மேலும் கட்டுகிறான் அந்தத் தொழிலாளி. தன் பெயரைச் சொல்லி இவ்வாறு கட்டணமும் கமிஷனும் வசூலிப்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அரிசி வியாபாரி பொய் சொன்னாலும் வாங்கிய அரிசி பசியாற்றும். துணி வியாபாரி பொய் சொன்னாலும் வாங்கிய துணி மானம் காக்கும். பழங்காசுக்கோ அப்படியொரு பயன் இல்லை. ‘இது இன்ன காலத்தது, இன்னாருடையது’ என்ற வாக்குமூலம் ஒன்றே அதன் மதிப்பு. அந்த வாக்குமூலம் பொய்யானால் எஞ்சுவது ஒரு செப்புத் துண்டுதான். மற்ற வணிகத்தில் பொய் சரக்கின்மேல் பூசப்படுகிறது. இவ்வணிகத்திலோ பொய்யே சரக்காகிவிடுகிறது. எனவே அரும்பொருளைப் பற்றிப் பொய்யுரைப்பவன் பொய்ச் சாட்சி சொல்பவனுக்கு ஒப்பாகிறான் என்றே நாம் கருதுகிறோம்.

ஏலம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. யாசிக்க வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாமே ஏலம் கூறி, ஒரு திர்ஹம் கேட்கப்பட்டதை இரண்டு திர்ஹமாக்கி, அவர் உழைத்து உண்ண வழிசெய்தார்கள். ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையை மட்டும் ஏற்றிவிடுவதை ‘நஜ்ஷ்’ எனப் பெயரிட்டுத் தடுத்தார்கள். அந்தப் பழைய பாவத்துக்கு இன்று புதிய கருவி கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு, புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பென்று தோன்றும்படி கையொப்ப எழுத்துகள் இட்ட ஓவியம் ஒன்று ஈபே ஏலத்தில் 1,35,805 டாலர் வரை கேட்கப்பட்டது. விற்றவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் தாங்களே விலை ஏற்றியது பின்னர் வெளியாயிற்று. விற்பனை ரத்தானது, வழக்கும் வந்தது.

இனி நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொய் சொன்னால் மட்டுந்தானா குற்றம்? மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். அந்த வியாபாரி பொய் பேசவில்லை; மறைத்தார், அவ்வளவே. சரக்கோடு வரும் வணிகரைச் சந்தை விலை அறியுமுன் வழிமறித்து வாங்குவதையும் அவர்கள் தடுத்தார்கள். அப்படியானால், விலையறியாத ஒரு மூதாட்டியின் பெட்டியிலுள்ள உண்மையான பொற்காசைச் சொற்ப விலைக்கு வாங்கிவந்து, ‘என் சாமர்த்தியம்’ என்று பெருமை பேசுபவரை எந்த வரிசையில் நிறுத்துவது? அவர் போலி எதையும் செய்யவில்லைதான். ஆயினும் பிறர் அறியாமையை விலைக்கு வாங்கினார் அல்லவா?

மற்றொரு தவறும் நம் வீடுகளில் நிகழ்கிறது. ஏமாந்தவனை, ‘பேராசைக்காரன், நன்றாக வேண்டும்’ என்று ஏசுகிறோம். ஆசை அவனுக்கு இருந்திருக்கலாம். அதற்கு அவன் இறைவனிடம் பதில் சொல்லட்டும். அவனுடைய ஆசை ஏமாற்றியவனின் குற்றத்தில் ஓர் அணுவையும் குறைக்காது. நம் ஏளனத்துக்கு அஞ்சி அவன் வாய்மூடுகிறான். தாய்க்கு அனுப்ப வேண்டிய சம்பளம் எங்கே போயிற்று என்று சொல்ல முடியாமல் கடன் வாங்குகிறான். அவன் மௌனமே மோசடிக்காரனுக்கு அரணாகிறது. அடுத்த அறையில் இருப்பவனும் அதே வலையில் விழுகிறான்.

ஆகவே பிள்ளைகள் அஞ்சாமல் வந்து சொல்லும்படி நம் வீடுகள் இருக்க வேண்டும். பணம் போனதும் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அது கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. பொருளை விற்பதற்கு முன்பணம் கேட்பவனை நம்பக்கூடாது என்பதைப் பெண்களும் முதியோரும் அறிந்திருக்க வேண்டும். நாம் ஒன்றை விற்க நேர்ந்தால், அறிந்த குறையைச் சொல்லியும், அறியாததை அறியேன் என்று ஒப்பியும் விற்போமாக. விலை குறையலாம், அந்தப் பணத்தில் பரக்கத் இருக்கும். காசின் வயதை நிபுணர்கள் கணிப்பார்கள். அதை விற்ற கையின் நாணயத்தைக் கணிப்பவன் அல்லாஹ் ஒருவனே.