பெயர் வைக்காத கன்று

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போன் செய்தார். "வெள்ளச்சி கன்னு போட்டுடுச்சுடா." என்ன கன்னும்மா என்று கேட்டேன். "காளக்கன்னு." அவ்வளவுதான். பிறகு நான் பசியாறினேனா, பினாங்கில் மழையா என்று பேச்சு மாறிவிட்டது. கிடேரியாக இருந்திருந்தால் அதே போனிலேயே பெயரும் வந்திருக்கும். எங்கள் வீட்டில் பசுக்கள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. காளைக்கன்றுக்கு மட்டும் இதுவரை யாரும் பெயர் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

எங்கள் வீடு கெடாவில், பீடோங் பக்கம். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தாத்தா, தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர். முன்னால் வீடு, பின்னால் கொட்டகை, அதற்கும் பின்னால் நேப்பியர் புல். எப்போதும் ஐந்தாறு மாடுகள் இருக்கும். அப்பா விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் கறக்க உட்கார்ந்துவிடுவார். போத்தலில் ஊற்றி மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது எல்லாம் அம்மா. பள்ளி விட்டு வந்தால் எனக்கும் தங்கச்சிக்கும் புல்லறுக்கும் வேலை. மாட்டிறைச்சி எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

நான் மெக்கானிக்கல் என்ஜினியர். உள்ளே போவதும் வெளியே வருவதும் கணக்கில் சரியாக நிற்க வேண்டும் என்பது முதலாண்டிலேயே படித்த பாடம். ஒன்று கணக்கில் வரவில்லை என்றால், நாம் பார்க்காத ஏதோ ஒரு வழியில் அது வெளியேறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை எங்கள் கொட்டகைக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாளானது. பசு கன்று போட்டால்தான் பால். சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று போட்ட பிறகு பத்து மாதம்போல் கறக்கலாம். வீட்டில் பால் நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் மறுபடி சினைப்பட வேண்டும். பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளை. தாத்தா காலத்துத் தோட்டத்தில் மாட்டுவண்டி இருந்தது, காளைக்கு வேலை இருந்தது. இப்போது லோரியும் டிராக்டரும்தான். அப்படியானால் எங்கள் வீட்டில் பிறந்த காளைகள் எல்லாம் எங்கே?

பதில் கொட்டகையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் வழக்கம். வாங்க வருகிறவர் தன் கயிற்றோடு வருவார். அப்பா நம் கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிடுவார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரங்கள் முன்பு இது நடக்கும். குர்பானுக்குக் கொடுக்கும் மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும், உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது. அதனால் எங்கள் காளைகள் இரண்டு வருடம் நன்றாகவே வளரும். லோரி வரும் நேரத்தில் அம்மா வீட்டுக்குள் போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார். "வித்தாச்சு" என்றுகூட யாரும் சொல்வதில்லை. "குடுத்தாச்சு" என்போம். யாருக்கு, எதற்கு என்பது அந்தச் சொல்லில் இல்லை.

2017-ல் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கைக்கு வருவதற்கு முன்பே பதிவுக் கட்டணம், விடுதிப் பணம், மடிக்கணினி என்று செலவு வந்துவிட்டது. அந்த வருடம் இரண்டு காளைகளைக் 'கொடுத்தோம்'. பட்டமளிப்புக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "பால் வித்துப் புள்ளைய படிக்க வெச்சிருக்காங்க." வேலைக்கான நேர்காணலில் நானும் அதையே பெருமையாகச் சொன்னேன். அது தப்புக் கணக்கு. பால் பணம் புண்ணாக்குக்கும் சமையலறைக்கும் சரியாகப் போனது. என்னைப் பதிவு செய்தது காளைகள்.

வள்ளுவர் புலால் மறுத்தலில் வாங்குகிறவனையும் பழிக்குள் இழுத்து நிறுத்துகிறார்; தின்பதற்கு வாங்க ஆள் இல்லையென்றால் விற்கவும் ஆள் இருக்காது என்பது அவர் வாதம். பள்ளியில் அதைப் படித்தபோது நான் அந்தக் கணக்குக்கு வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தின்னாதவன், கொல்லாதவன். ஆனால் உயிரோடு விற்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் எங்கே நிற்கிறான்?

ஒரு செமஸ்டர் விடுமுறையில் பக்கத்துக் கம்பத்து பாக் சிக் என்னைக் கூப்பிட்டார். எங்கள் காளையை ஏழு குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கியிருந்தன. சூராவ் வேலிக்கு வெளியே நின்றேன். அவர் அதற்குத் தண்ணீர் வைத்தார், கழுத்தைத் தடவினார். கத்தியை அதன் கண்ணெதிரே தீட்டக் கூடாது என்று மலாயில் எனக்கு விளக்கினார். இறைச்சியில் ஒரு பங்கு ஏழைகளுக்கு என்றார். தான் செய்யப்போவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கடைசிவரை நிற்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். "லோரி வந்தா மட்டும் ஏம்மா உள்ள போயிடுறீங்க? தெரியாத மாதிரி நடிக்கிறோம்ல?" அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "நின்னு பாத்தா அடுத்த கன்னுக்குத் தண்ணி காட்ட எனக்குக் கை வராதுடா."

அந்தப் பதிலைத் தாண்ட எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. பார்க்காமல் இருப்பதை எல்லாம் பொய் என்றே நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அது பொய் இல்லை. இரண்டு வருடம் அந்தக் காளைக்குத் தண்ணீர் காட்டியதும், ஈ மொய்த்த புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவியதும் அவர் கைதான். அடுத்ததையும் அவர்தான் வளர்க்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமையை அவர் உழைத்துச் சம்பாதித்திருக்கிறார். எனக்கு அந்த உரிமை இல்லை. பாயான் லெப்பாஸில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, தே தாரிக் குடித்துக்கொண்டே 'பால் வித்துப் படிச்சேன்' என்று சொல்பவன் நான். வேலையில் பங்கில்லாமல் பலனில் மட்டும் பங்குள்ளவன் பார்த்தே ஆக வேண்டும். தே தாரிக் குடிக்கும் எல்லாருக்கும் இது கொஞ்சம் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

பார்ப்பதால் காளை பிழைத்துவிடாது, அது எனக்குத் தெரியும். பால் குடிப்பதையும் நான் விடவில்லை. ஒன்றரை ஏக்கரில் காளைகளை ஆயுசு முழுக்க வைத்துத் தீனி போட அப்பாவாலும் முடியாது. என்னால் முடிந்தது கணக்கைத் திருத்திச் சொல்வது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால் 'காளைய வித்து என்னைப் படிக்க வெச்சாங்க' என்கிறேன். கேட்பவர்கள் சற்று விழிக்கிறார்கள். பிறகு பேச்சை மாற்றுகிறார்கள்.

இரண்டு வாரம் முன்பு வீட்டுக்குப் போனேன். வெள்ளச்சியின் கன்று கொட்டகையில் துள்ளிக்கொண்டிருந்தது, நெற்றியில் வெள்ளை. பெயர் வைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அது என் மனசுக்காகச் செய்வதாகத்தான் இருக்கும். அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"இத குடுக்கிற அன்னிக்கு லீவு போட்டுட்டு வரேம்மா."

"வந்து என்ன பண்ணப் போறே?"

"கயித்த நான் அவுக்கிறேன்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சீம்பால் கொஞ்சம் எனக்காக ஐஸ்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். அதைச் சூடு பண்ணிச் சீனி போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.