செய்தவனும் செய்வித்தவனும்



ஜபமாலையில் மணிகள் 108 ஏன் எனச் சிறார் வினவினால் நாம் விடை கூறிவிடுகிறோம். சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என நான்கு. பெருக்கினால் வினை வந்தடையும் வாயில்கள் 108. தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இக்கணக்கைப் போர் என்னும் பெருங்கொலைக்கு என்றேனும் பொருத்திப் பார்த்தோமா?

உலகியல் நீதி நெடுங்காலம் பொருத்தவில்லை. ஒருவனைக் கொன்றவனைத் தூக்கிலிட்டது. படையேவிப் பல்லாயிரவரைக் கொல்வித்த மன்னனுக்கு மெய்க்கீர்த்தி பாடிற்று. 1945 நவம்பரில் நூரம்பர்க் நகரில் கூடிய அனைத்துலக நீதிமன்றம், அயல்நாட்டின்மேல் போர் தொடுத்தலையே "அமைதிக்கெதிரான குற்றம்" என்று கொண்டு ஜெர்மானியத் தலைவர்களை விசாரித்தது. 1946இல் அவர்களுள் 12 பேர் ஆக்கிரமிப்புப் போர் நடத்திய குற்றவாளிகளாயினர். ருடால்ஃப் ஹெஸ் என்பார்மீது போர்க்குற்றமோ மானுடத்திற்கெதிரான குற்றமோ மெய்ப்பிக்கப்படவில்லை. போருக்குச் சதிசெய்து திட்டமிட்டமைக்காகவே ஆயுள் தண்டனை பெற்று, 1987இல் சிறையிலேயே மாண்டார். காரிதத்திற்குக் கிடைத்த தண்டனை அது.

(அந்நீதிபதிகளுள், 1939இல் போலந்திலும் பின்லாந்திலும் படை நுழைத்த சோவியத் நாட்டவரும் அமர்ந்திருந்தார். வென்றவன் குற்றம் அந்த ஏட்டில் ஏறவில்லை. வினையின் ஏட்டில் அங்ஙனம் விடுபடுவதில்லை.)

2010இல் கம்பாலா மாநாடு ஆக்கிரமிப்புக் குற்றத்திற்கு இலக்கணம் வகுத்தது: திட்டமிடல், ஆயத்தஞ் செய்தல், தொடங்குதல், நடத்துதல். எண்ணமாகிய சம்ரம்பம், ஆயத்தமாகிய சமாரம்பம், தொடக்கமாகிய ஆரம்பம் மூன்றும் அதே வரிசையில் நிற்கக் கண்டு வியந்தோம். ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திற்கு இவ்வதிகாரம் 2018 ஜூலை 17இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அம்மன்றத்தை ஏற்காத நாட்டின் தலைவரை இக்குற்றத்திற்காக அது தானாக விசாரிக்கவியலாது. ஆதலின் ருஷ்யா 2022இல் உக்ரைன்மேல் படையெடுத்ததை விசாரிக்கத் தனி மன்றம் அமைக்க, 2025 ஜூன் 25இல் உக்ரைனும் ஐரோப்பியக் கவுன்சிலும் உடன்படிக்கை செய்தன.

அரசை நடத்துவோரையன்றிப் போர்வீரனை இச்சட்டம் பிடிப்பதில்லை. நம் அறம் அவனையும் விடுவதில்லை. தன் மண் காப்பவனது விரோதி ஹிம்சை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்படவில்லை. பிறன் மண் விழைந்து எழும் படையோ சங்கல்ப ஹிம்சையே. ஏவியவனுக்குக் காரிதம், வெட்டியவனுக்குக் கிருதம்.

எஞ்சியது அனுமோதனம். இரவுணவு நீத்து, எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் நாம், காலையில் செய்தித்தாளை விரித்து, "நன்றாக அடித்தான்" என்று ஏதோவொரு நாட்டுக்காக மகிழ்கிறோம். எந்த நீதிமன்றமும் அதற்கு அழைப்பாணை அனுப்புவதில்லை. நாமும் ஒருமுறை அவ்வாறு மகிழ்ந்ததுண்டு. பிரதிக்கிரமணத்தில் அதனைச் சொல்ல நினைவு வந்தது நான்காம் நாளில்தான்.