பிறப்புப் பதிவேட்டில் மூன்றாவது பெயர்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2018-இல் ஒரு குழந்தை பிறந்தது. அந்த வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர்: ஓர் ஆணும் இரண்டு பெண்களும். மூவரும் ஒருவருக்கொருவர் துணை. யாருக்கும் தெரியாமல் யாரும் எதையும் செய்யவில்லை. பாலியமரி என்று இப்போது பரவலாகச் சொல்லப்படும் உறவு அது. பிள்ளை பெற்றுக்கொள்வதும் மூவரும் பேசி எடுத்த முடிவுதான். ஒருத்தி பெற்றாள். பெறாத இன்னொருத்தி தன் உடம்பிலும் பால் சுரக்கும்படி முயன்று, சுரக்கவைத்து, அவளும் பாலூட்டினாள். ஆனாலும் பதிவேட்டில் இரண்டு பெயர்களே ஏறின. பாலூட்டிய அந்த இரண்டாமவள் சட்டத்தின் முன் குழந்தைக்கு யாரோ ஒருத்தி.

மூவரும் நீதிமன்றம் போனார்கள். அந்த மாகாணத்தின் குடும்பச் சட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் பிறக்கும் குழந்தைக்கு, முன்கூட்டியே எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இருந்தால், மூன்று பெற்றோர் இருக்கலாம் என்று அதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. இயற்கையாகக் கருத்தரித்தால் மட்டும் இரண்டோடு நின்றுவிடுகிறது. அரசுத் தரப்பு எதிர்த்து வாதிட்டது. 2021-இல் நீதிபதி வில்கின்சன், சட்டம் இயற்றியவர்கள் இப்படியொரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கவில்லை, விடுபட்ட இடத்தை நீதிமன்றம் நிரப்பலாம் என்று சொல்லி, மூன்றாமவளையும் பெற்றோராக அறிவித்தார்.

அவளைக் காப்பாளராக்கினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. காப்பாளர் பொறுப்பு பிள்ளைக்கு வயது வந்ததும் முடிந்துவிடும். அங்கே அது 19. பெற்றோர் என்ற நிலை முடிவதில்லை. வாரிசுரிமையும் அதோடு சேர்ந்தது. சட்டம் ஒருத்தியைத் தாய் என்று ஏற்கும்போது அவளுக்கு உரிமை கிடைப்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. நாளை மனம் மாறி அவள் விலகிப்போனாலும் பிள்ளைக்குச் செலவு கொடுக்கும் கடமை அவள் தலையில் நிற்கும். அந்தக் கடமைதான் இதில் பெரிய விஷயம்.

இதே நீதிமன்றம் 2011-இல் வேறொரு தீர்ப்பு தந்திருந்தது. பவுன்டிஃபுல் என்ற ஊரில் மோர்மன் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர்கள் பலதார மணத்தை மதக் கடமையாகக் கடைப்பிடித்து வந்தார்கள். அதைக் குற்றமாக்கும் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை விசாரித்த தலைமை நீதிபதி பாமன், செல்லும் என்றார். பதின்வயதுப் பெண்கள் வயதான ஆண்களுக்கு மணமுடிக்கப்படுவது, பெண் கிடைக்காத இளைஞர்கள் சமூகத்தைவிட்டுத் துரத்தப்படுவது என்று கேடுகள் அவர் முன் வைக்கப்பட்டன. திருமணம் என்ற சடங்கோ பிணைப்போ இன்றிச் சேர்ந்து வாழும் பெரியவர்களை அந்தச் சட்டம் தொடாது என்பதையும் அவர் அதே தீர்ப்பில் தெளிவாக்கினார். 2017-இல் அந்த ஊர்த் தலைவர் ஒருவர், 24 பெண்களை மணந்ததற்காகக் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார்.

பத்தாண்டு இடைவெளியில் ஒரே நீதிமன்றம் பலதார மணத்தை ஒதுக்கியது. மூன்று பெற்றோரை ஏற்றது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இரண்டையும் பிரிக்கும் கோடு எது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒப்புதல்தான் கோடு என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பவுன்டிஃபுல் பெண்களில் சிலரும் நீதிமன்றத்தில் பெயர் வெளியிடாமல் சாட்சி சொல்லி, தாங்கள் மனமொப்பித்தான் வாழ்கிறோம் என்றார்கள். பிறந்தது முதல் ஒரே வழியைக் காட்டி வளர்த்த பெண், அந்த வழிக்குத் தலையாட்டுவதை முழு ஒப்புதல் என்று கொள்ள முடியுமா? ஆகவே உள்ளே வந்தபோது சரி என்றாளா என்பதைவிட, வெளியே போக நினைத்தால் போக முடியுமா என்பதே சரியான உரைகல். கையில் காசோடும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையோடும் போக முடிகிற உறவில் மூன்று பேர் இருந்தாலும் அறம் கெடுவதில்லை. வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்றால், இரண்டே பேர் இருந்தாலும் அது கெட்ட உறவுதான்.

இந்த உரைகல்லை வைத்துப் பார்த்தால், அங்கீகாரம் தரக்கூடாது என்பவர்களின் வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. இப்படிப்பட்ட உறவுகளில் பெண்கள் சுரண்டப்படுவார்கள் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் பத்து வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, வீட்டுக் கடனுக்குத் தன் சம்பளத்தையும் கொட்டிய மூன்றாமவள், பத்திரத்தில் பெயர் இல்லாததால் ஒரு பெட்டியோடு இறங்கிப் போவதும் சுரண்டல்தானே? சட்டம் கண்ணை மூடிக்கொள்வதால் அந்த வீட்டில் பலம் குறைந்தவருக்கு ஒரு நன்மையும் விளைவதில்லை.

இரண்டு பெற்றோர்தான் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2011-இல் கலிஃபோர்னியாவில் வந்த ஒரு வழக்கு காட்டியது. அந்தக் குழந்தைக்கு மணம் செய்துகொண்ட இரண்டு பெண்கள் தாய்கள். உடல்வழித் தந்தை வேறொருவர். ஒரு தாய் கத்தியால் குத்தப்பட்ட வழக்கில் மற்ற தாய் சிறைக்குப் போனாள். குத்துப்பட்டவள் மருத்துவமனையில் கிடந்தாள். குழந்தையை அரசு தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. தந்தை முன்வந்தபோதும், மூன்றாவது பெற்றோர் ஒருவரை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இதையொட்டி வந்த சட்டத் திருத்தத்தை 2012-இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் நிராகரித்தார். மறு ஆண்டு மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார். இருவரோடு நிறுத்தினால் குழந்தைக்குக் கேடு என்று நீதிபதி கருதினால் மட்டுமே மூன்றாமவரை ஏற்கலாம் என்பது அதன் நிபந்தனை.

மூன்று பேர் சண்டையிட்டால் பிள்ளையின் வாரத்தை மூன்றாகக் கூறு போடுவார்களே என்பது வலுவான மறுப்பு. வீடு மாறி மாறி அலையும் பிள்ளையின் களைப்பை யாரும் லேசாக எண்ணக்கூடாது. ஆனால் பெற்றோர் என்று ஏற்பதால் ஆளுக்குச் சமமான நாள்கள் என்று ஆகிவிடாது. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்பதை அதன் நலன் பார்த்து நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். இருவர் சண்டையிலும் நடப்பது அதுவே.

இந்தியச் சட்டம் இந்தக் கேள்வியைத் தன் வழியில் எப்போதோ சந்தித்துவிட்டது. மதராஸ் மாகாணம் இந்துக்களின் இருதார மணத்தை 1949-இலேயே தடுத்தது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, செல்லாத மணத்தில் பிறந்தாலும் பிள்ளை முறையான பிள்ளையே என்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பங்கில் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு இவ்வளவு இரக்கம் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கொன்றில் 2010-இல் அதே நீதிமன்றம், திருமணம் போன்ற உறவு என்று ஏற்க இருவரும் மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஆண் தன் முதல் மணத்தை மறைத்ததால் ஏமாற்றப்பட்டவளுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2013-இல் ஒரு வாசல் திறந்தது. தெரிந்தே வாழ்ந்தவளுக்கு அந்தத் தீர்ப்பு வாசலைத் திறக்கவில்லை.

நம் ஊரில் ‘சின்ன வீடு’ என்று சொல்லப்படுவதையும், அந்த மூவரின் வீட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இங்கே பெரும்பாலும் மனைவியின் ஒப்புதல் கேட்கப்படுவதே இல்லை. அவளுக்கு இழைக்கப்பட்டது வஞ்சனை. அவள் பங்கிலிருந்து ஒரு காசைக்கூட எடுத்து இன்னொருத்திக்குக் கொடுப்பது நியாயமாகாது. அதற்காக அந்த ஆணின் சொந்தப் பங்கும் தொடப்படாமல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு பெண்களை நம்பவைத்தவன் இருவருக்கும் பொறுப்பேற்க வேண்டும்; சட்டம் இப்போது ஒருத்தியைத் தண்டித்து அவனுக்குச் செலவை மிச்சப்படுத்துகிறது.

பெரியவர்களுக்குள் உள்ள உரிமையில் உலகம் இன்னும் முதல் படியில்தான் நிற்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சாமர்வில் நகர மன்றம், 2020 ஜூனில், கொரோனா காலத்தில், வீட்டுத் துணைவர்களாகப் பதிந்துகொள்வோர் இருவர்தான் என்ற வரம்பை நீக்கியது. மருத்துவமனையில் கிடக்கும் துணையைப் பார்க்க யாருக்கு உரிமை என்ற கேள்வி அப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அடுத்த ஆண்டு பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜ் அதைப் பின்பற்றியது. இது நகரங்கள் தரும் பதிவு. திருமணம் ஆகாது, நாட்டின் வரிச் சட்டமோ வாரிசுச் சட்டமோ இதற்குக் கட்டுப்படாது.

மூவர் மணத்துக்கு உடனே சட்டம் செய்ய வேண்டும் என்று வாதிடுபவர்கள் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். பவுன்டிஃபுல் போன்ற ஊர்கள் இருக்கும்வரை மணச் சடங்கின் கதவைத் திறப்பதில் ஆபத்து உண்டு. பிரிவிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் அறிந்து, எல்லோரும் ஒப்பிச் சில ஆண்டுகள் ஒரே குடும்பமாக வாழ்ந்ததை நிரூபித்தால், பிரியும்போது உழைப்புக்கும் போட்ட பணத்துக்கும் ஏற்ப ஒரு பங்கு. இறப்பில், உயில் இல்லாவிட்டாலும், தங்கியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கக் கொஞ்ச காலம். உயிலும் ஒப்பந்தமும் எழுதி வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்வது சுலபம். வக்கீலுக்குப் பணம் உள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள். எழுத வழியில்லாமல் நம்பிக்கையை மட்டும் வைத்து வாழ்ந்தவர்களுக்காகத்தான் சட்டம் தானே ஒரு விதியை எழுதி வைத்திருக்க வேண்டும்.